அட்டையில் ஓர் அட்டை

மஹ்ரூப் நானாவின் கடை வாசலில்
தபால் அட்டைகள் தொங்கும் சுழல்தட்டு
எண்ணெய் காணாத கழுத்தோடு நிற்கிறது.
பண்டாரவளையில் மழை தொடங்கினால்
அதை உள்ளே இழுப்பது என் வேலை.
இழுக்கும்போதெல்லாம் ஒருமுறை கத்தும்.

எழுபத்தெட்டில் அச்சடித்த சரக்கு.
ஒன்றில் நீர்வீழ்ச்சி இடம் வலம் மாறி விழுகிறது.
தலவாக்கலை லொறிக்காரர் ஒருவர்தான் கண்டுபிடித்தார்:
"ரோடு இந்தப் பக்கம் இருந்திருந்தா
நான் எப்பவோ பள்ளத்துல கெடந்திருப்பேன்."

இன்னொன்று, பாலத்தின் மேல் ரயிலாம்.
பின்பக்கம் அப்படித்தான் சொல்கிறது.
முன்பக்கம் முழுக்கப் புகை.
உள்ளே பாலம் இருக்கலாம்.
நம்பிக்கையுள்ளவர்கள் வாங்கலாம்.

நுவரெலியா ஹோட்டல் மேசையில்
செம்மஞ்சளாய் ஒரு கோழி,
அதைவிடச் செம்மஞ்சளாய் ஒரு வெள்ளைக்காரர்.
பரிமாற நிற்பவர் கண்ணை இறுக்கி மூடியிருக்கிறார்.
அன்றிலிருந்து
அந்த ஒரே தும்மல்
இன்னும் வந்து சேரவில்லை.

ஆனாலும் தட்டுக்கு ராணி
மேல்வரிசையில் இருக்கும் இவள்தான்.
'மகிழ்ச்சியான கொழுந்துக்காரி'
என்று போட நினைத்திருக்கிறார்கள்.
ஓர் எழுத்து வழுக்கி
'கொழுத்துக்காரி' ஆகிவிட்டாள்.
கூறைச் சேலை. கொண்டையில் கனகாம்பரம்.
இடுப்பில் படங்கு இல்லை.
கூடைக் கயிறு தலையில் ஏறாமல்
தோளில் தொங்குகிறது, கல்யாணத்துக்குப் போகும் கைப்பை போல.
விரலிடுக்கில் ஆடு கூடத் தொடாத முத்தல் இலை.
கணுக்காலில், உற்றுப் பார்த்தால்,
அட்டையில் ஓர் அட்டை:
வயிறு நிறைந்து உருண்டு,
படத்திலேயே உண்மையாக மகிழ்ச்சியான ஜீவன்.

நேற்று நீள உறை வாங்க வந்த செவனம்மா
மிச்சக் காசுக்குக் கையை நீட்டியபடி
மேலே பார்த்தார்.
பிறகு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.
சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி,
நானா தண்ணீர் கொண்டுவர உள்ளே ஓடினார்.

"கூட என்னோடது" என்றார் மூச்சு வந்ததும்.
"நிக்கிறது டிஸ்பென்சர் ஐயாவோட மச்சினி.
கொழும்புல இருந்து லீவுக்கு வந்த புள்ள.
நான் இன்னும் கறுப்பா இருந்தேனாம்,
படத்துல விழ மாட்டேனாம்.
அட்ட ஏறுறத நான் அப்பவே கண்டேன்.
சொல்ல வாயத் தொறந்தா,
யாரும் ஆடக் கூடாதுன்னுட்டாரு படம் புடிச்ச தொர."

மேல் மூலையில் ஒரு கறுப்புக் கறை.
மை சிந்தியது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
நகத்தால் அதைத் தட்டினார்.
"இது கொட.
கேமரா நனையாம புடிச்சுக்கிட்டு நின்னது நான்.
அன்னிக்கு றாத்தல் கொறஞ்சு போச்சு.
கணக்கப்புள்ள அரப் பேருதான் போட்டாரு."

நானா காசு வேண்டாம் என்றார்.
நாற்பது ரூபாயை எண்ணி மேசையில் வைத்தார்.
வத்தளையில் இருக்கும் மகளுக்கு அனுப்ப வேண்டும்,
எழுது என்றார் என்னிடம்.
'கொட புடிச்சது நான்.'
அவ்வளவுதானா?
"பேரப் போடு. முழுசாப் போடு."

காளிமுத்து செவனம்மா.
மேப்பிரிவு. மூணாம் நம்பர் லயம்.
செக்ரோல் நம்பரும் வேண்டுமாம்,
அது இன்னும் மறக்கவில்லையாம்.
எழுதி முடித்தபோது
நடுக்கோட்டைத் தாண்டி
முத்திரை ஒட்டும் கட்டம் வரை ஏறியிருந்தார் செவனம்மா.
மகளின் விலாசத்துக்கு
ஓர் ஓரம் கூட மிச்சமில்லை.

வேறொன்றில் எழுதித் தருகிறேன் என்றேன்.
"வேணாம் தம்பி.
பேரு முழுசா விழுந்துருச்சுல்ல."
ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு
பூனாகலை பஸ்ஸுக்கு நடந்தார்.
நீள உறையை மறந்து வைத்துவிட்டுப் போனார்.

தூறல் விழுந்தது. தட்டை இழுத்தேன். கத்தியது.
மீதிப் பதினொரு கொழுத்துக்காரிகளும்
குடைக்கு வெளியே
நனைந்துகொண்டே சிரிக்கிறார்கள்.